யூனிசைக்கிளில் துள்ளி மேலே ஏறுவது எப்படி: முதல் பலகையிலிருந்து தொடங்குவோம்

ஒற்றைச் சக்கர வண்டியான யூனிசைக்கிளில் நேராகப் போகவும் திரும்பவும் பழகியாச்சு என்றால் அடுத்து ஒரு ஆசை தானாகவே வரும். எதிரே ஒரு படி இருக்கிறது, இறங்காமல், காலைத் தரையில் வைக்காமல், அப்படியே சக்கரத்தோடு அதன் மேலே ஏறி நிற்க முடியுமா? முடியும். கொஞ்சம் பொறுமையோடு பழகினால் ஒரு படி உயரம் பெரும்பாலானவர்களுக்கு எட்டக்கூடியதுதான். போட்டிக்காகப் பழகுகிறவர்கள் ஒரு மீட்டருக்கும் மேலே தாவி மேடையில் நிற்கிறார்கள், அது வேறு உலகம். இந்தக் கட்டுரை தரையிலிருந்து முதல் அரை மீட்டருக்குள் இருப்பதைப் பற்றியது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இது புரிய ரொம்ப நாள் பிடித்தது. மேலே ஏறுவதற்குக் காலில் பலம் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம், அதனால் இன்னும் வேகமாக, இன்னும் முரட்டுத்தனமாகக் குதிக்கப் பார்க்கிறோம். உண்மையில் உங்கள் உடம்பு எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, உயர்ந்த நேரத்தில் காலை மடக்கிச் சக்கரத்தை எவ்வளவு மேலே இழுத்துக்கொண்டீர்கள் என்பதுதான் கணக்கு. உதாரணத்துக்கு, குதிக்கும்போது இடுப்பு 20 செ.மீ. உயர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டியபடியே இருந்தால் சக்கரமும் 20 செ.மீ.தான் எழும். அதே குதியில் முழங்காலை மடக்கிச் சக்கரத்தை இன்னொரு 20 செ.மீ. இழுத்தால் 40 செ.மீ. உயரத்தில் ஏறிவிடலாம். பலம் ஒன்றும் கூடவில்லை, உயரம் மட்டும் இரண்டு மடங்கு. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் இந்த மடக்கலை நோக்கித்தான் போகின்றன.

தொடங்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்

நூறு மீட்டர் தூரம் விழாமல் ஓட்டத் தெரிய வேண்டும், சுவரையோ கம்பத்தையோ பிடிக்காமல் தானாக ஏறத் தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் திரும்பத் தெரிய வேண்டும். இவ்வளவு போதும். பின்னோக்கி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், தேவையில்லை. ஆனால் ஏறுவதற்கே இன்னும் பத்து முறை முயல வேண்டியிருக்கிறது என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு வாருங்கள். துள்ளும்போது நிறைய விழுவீர்கள், ஒவ்வொரு முறையும் திரும்ப ஏறுவதிலேயே தெம்பு போய்விடும்.

வண்டி தாங்குமா?

பழகுவதற்கு வாங்கிய சாதாரண 20 அங்குல வண்டியில் தொடங்கலாம், தவறில்லை. நின்ற இடத்தில் துள்ளுவதற்கும் ஒரு பலகை (நாலைந்து செ.மீ.) உயரத்துக்கும் அது தாங்கும். ஆனால் அந்த வண்டிகளில் கிராங்க் (பெடலைச் சக்கரத்தின் அச்சோடு இணைக்கும் தண்டு) பொருந்தும் அச்சு சதுரமாக இருக்கும், துள்ளத் துள்ள அந்தச் சதுரத்தின் முனைகள் தேய்ந்து கிராங்க் ஆட ஆரம்பிக்கும், சில நேரம் அச்சே வளையும். ஆடுகிற கிராங்கோடு தொடர்ந்து துள்ளினால் கிராங்கின் துளை விரிந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

இதனால்தான் தாவுவதற்கென்றே தனி வண்டிகள் வந்தன. கனடாவைச் சேர்ந்த கிரிஸ் ஹோம் மலைப்பாதைகளிலும் பாறைகளிலும் யூனிசைக்கிள் ஓட்டிப் பெயர் பெற்றவர், இப்படி முரட்டு ஓட்டத்தைத் தாங்கும் வண்டிகளைத் தன் பெயரிலேயே கொண்டுவந்தார். இன்று இந்த வகை வண்டிகளை டிரையல்ஸ் வண்டி என்கிறார்கள். பல நிறுவனங்கள் செய்கின்றன, பொதுவான அம்சங்கள் ஒன்றுதான்: 387 மி.மீ. ரிம், அதில் இரண்டரை அங்குல அகலமுள்ள தடித்த டயர் (டயரோடு சேர்த்து அளந்தால் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 50 செ.மீ. வரும்), பல்பல்லாக வெட்டிய அச்சு, 125 முதல் 140 மி.மீ. வரை நீளமுள்ள கிராங்க், சீட்டின் முன்பக்கம் உறுதியான கைப்பிடி. இந்தப் பல் வைத்த அச்சுதான் முக்கியம். ஒரு பலகைக்கு மேலே போகப்போகிறீர்கள் என்றால் இப்படிப்பட்ட வண்டி அவசியம் என்றே சொல்வேன், கடன் வாங்கியாவது ஓட்டிப் பாருங்கள்.

வண்டி எதுவானாலும் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்.

சீட்டின் உயரம். ஓட்டும்போது கால் நன்றாக நீளும்படி சீட்டை உயர்த்தி வைத்திருப்பீர்கள். துள்ளுவதற்கு அது ஆகாது, காலை மடக்கவே இடம் இருக்காது. ஐந்து முதல் எட்டு செ.மீ. வரை இறக்குங்கள். ஓட்டும்போது முழங்கால் மடங்கியே இருக்கும், கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், அது சரிதான்.

டயரின் காற்று. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காற்று அதிகமாக இருந்தால் பந்து மாதிரி கட்டுப்பாடில்லாமல் எகிறும். குறைவாக இருந்தால் ஒவ்வொரு துள்ளலிலும் ரிம் தரையில் இடித்து ‘டக்’ என்று சத்தம் கேட்கும், பக்கவாட்டில் தாவி இறங்கும்போது டயர் மடிந்து சறுக்கும். தடித்த டயரில் உடல் எடையைப் பொறுத்து 15 முதல் 25 பிஎஸ்ஐக்குள் ஏதோ ஒரு இடத்தில் உங்களுக்கான அளவு இருக்கும். கொஞ்சம் அதிகமாக அடித்துவிட்டு, துள்ளிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பலமாகத் துள்ளும்போதும் ரிம் இடிக்காமல், ஆனால் டயர் நன்றாக அமுங்கி உங்களைத் திருப்பித் தள்ளுகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மெல்லிய டயர் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு இன்னும் அதிகக் காற்று வேண்டும்.

பெடல். வழவழப்பான பிளாஸ்டிக் பெடலில் கால் நழுவும், நழுவினால் பெடல் சுழன்று நேராகக் கணைக்கால் எலும்பில் வந்து அடிக்கும். சின்னச் சின்ன ஊசிமுனை வைத்த அகலமான பெடல் நல்லது. ஆனால் அது காலில் பட்டால் இன்னும் மோசமாகக் கடிக்கும், அதனால் ஷின் கார்டு (கணைக்கால் கவசம்) இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

நான்காவது, வண்டியின் முன்பக்கம் எது என்பது. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். சீட்டைத் திருப்பி மாட்டி வண்டியைப் பின்பக்கமாக ஓட்டினால் பெடல்கள் மெல்ல மெல்லக் கழன்று வெளியே வரும், கிராங்கின் மரையும் கெட்டுப்போகும். L என்று பொறித்த கிராங்க் இடது காலுக்கு வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் கிராங்க் போல்ட், பெடல், சீட் கிளாம்ப் (சீட்டுக் கம்பியை இறுக்கும் வளையம்) மூன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

ஹெல்மெட், ஷின் கார்டு, உள்ளங்கைக்குக் கையுறை, தட்டையான அடி கொண்ட ஷூ. ஷூ லேஸைக் கட்டிய பிறகு நுனியை ஷூவுக்குள் செருகிவிடுங்கள், கிராங்கில் சுற்றிக்கொண்டால் காலை எடுக்கவே முடியாது.

முதலில் இறங்கப் பழகுங்கள்

யூனிசைக்கிளில் கையால் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இல்லை, காலுக்கு முன்னால் எதுவும் இல்லை. இது ஒரு வசதி. எந்த நேரத்திலும் வண்டியை விட்டுவிட்டு இரண்டு காலில் நின்றுகொள்ளலாம். விழுந்து கையை ஊன்றுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியைக் காப்பாற்றப் பார்த்தவர்கள்தான்.

ஓட்டிக்கொண்டே போய், சீட்டின் முன்பக்கத்தைக் கையால் பிடித்தபடி, பின்பக்கமாக இறங்கி நில்லுங்கள். பத்து முறை. அடுத்து, வண்டியைப் பின்னால் விட்டுவிட்டு முன்பக்கமாக இறங்கி இரண்டடி ஓடி நில்லுங்கள். அதுவும் பத்து முறை. பின்னால் ஒரு மேடை மீது ஏறத் தவறும்போது இந்த இரண்டில் ஒன்றைத்தான் உடம்பு தானாகச் செய்யப்போகிறது. யோசித்துச் செய்ய அங்கே நேரம் இருக்காது.

நின்ற இடத்தில் துள்ளுவது

முழு வித்தையின் அடித்தளம் இதுதான். இதை ஒரு வாரம் செய்தவர்களுக்கும் ஒரு மாதம் செய்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பிறகு மேடையில் ஏறும்போது அப்படியே தெரியும். ஆகவே அவசரப்படாதீர்கள்.

சுவரோரமாகவோ ஒரு கம்பத்தின் பக்கத்திலோ ஏறி, ஒரு கையால் அதைத் தொட்டுக்கொள்ளுங்கள். கிராங்க் இரண்டும் தரைக்கு இணையாக, ஒரு பெடல் முன்னால், ஒரு பெடல் பின்னால் இருக்கட்டும். எந்தக் கால் முன்னால்? இரண்டையும் முயன்று பாருங்கள், ஒன்று உடனே இயல்பாகத் தோன்றும். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற கையால் சீட்டின் முன்பக்கக் கைப்பிடியை அடியிலிருந்து விரல் வளைத்துப் பிடியுங்கள். இப்போது இரண்டு பெடலிலும் சம எடை போட்டு, சீட்டிலிருந்து ஒரு விரல்கடை அளவு எழுந்து நில்லுங்கள். முன்கால் அதிகமாக அழுத்தினால் சக்கரம் முன்னே உருளும், பின்கால் அழுத்தினால் பின்னே உருளும், இரண்டும் சமமாக அழுத்தினால் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். இந்தச் சமநிலை கிடைத்த பிறகுதான் துள்ளலே.

முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, டயரை அழுத்தி, எழும்புங்கள். எழும்பும் அதே நேரத்தில் கை சீட்டை மேலே இழுக்க வேண்டும். கால் பெடலோடு ஒட்டியிருக்கவில்லை, ஆகவே கால் மட்டும் எழும்பினால் வண்டி கீழேயே நின்றுவிடும். கைதான் வண்டியை உள்ளங்காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்து மேலே கொண்டுவருகிறது. தொடைகள் சீட்டை இறுக்கிக்கொள்வதும் உதவும். முதலில் சக்கரம் தரையை விட்டு ஒரு விரல் அளவு எழுந்தால் போதும்.

சுவரைப் பிடித்தபடி இருபது முப்பது துள்ளல் தொடர்ந்து வந்ததும், கையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு துள்ளுங்கள், தேவைப்பட்டால் மட்டும் தொடுங்கள். அப்புறம் திறந்த இடத்துக்கு வாருங்கள்.

திறந்த இடத்தில் சமநிலையின் விதி ஒன்றுதான், ஓட்டும்போது இருந்த அதே விதி: உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ சக்கரம் அந்தப் பக்கம் போய் உடம்புக்கு அடியில் நிற்க வேண்டும். இடது பக்கம் சாய்ந்தால் இடது பக்கம் துள்ளுங்கள். முன்னால் சாய்ந்தால் முன்னால் துள்ளுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் சாய்வை இடுப்பை வளைத்துச் சரிசெய்யப் பார்ப்பார்கள், அதில் இரண்டு துள்ளலுக்கு மேல் தாங்காது. சக்கரத்தை நகர்த்துங்கள். சும்மா இருக்கும் கை பக்கவாட்டில் நீண்டிருக்கட்டும், கண் சக்கரத்தைப் பார்க்காமல் நாலைந்து மீட்டர் தள்ளி ஒரு இடத்தைப் பார்க்கட்டும்.

பெரிய துள்ளல் வேண்டாம். சின்னதாக, ஒரே தாளத்தில், சத்தம் குறைவாக. ஐம்பது துள்ளல் ஒரே இடத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள், முடிகிறதா? அடுத்ததுக்குப் போகலாம்.

துள்ளிக்கொண்டே நகர்வது

தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இணையாக நின்று துள்ளியபடி, பக்கவாட்டில் தாவி அந்தப் பக்கம் போங்கள், மறுபடியும் இந்தப் பக்கம் வாருங்கள். வலது பக்கம் பத்து, இடது பக்கம் பத்து. ஒரு பக்கம் சுலபமாகவும் மறுபக்கம் கஷ்டமாகவும் இருக்கும், சுலபமான பக்கம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள், முதல் தடையை அந்தப் பக்கம்தான் வைக்கப்போகிறோம். துள்ளிக்கொண்டே கால்வாசித் திரும்புவதையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள், தடைக்கு முன்னால் வண்டியைச் சரியாக நிறுத்த இது வேண்டும்.

பிறகு ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு. இடைவெளி ஒரு சாண், அப்புறம் ஒன்றரைச் சாண். உயரம் இல்லாத இந்தத் தாவல் உடம்பைப் பக்கவாட்டில் முழுதாக அனுப்பக் கற்றுக்கொடுக்கிறது. உயரம் வந்த பிறகு இதைக் கற்றுக்கொள்வது கடினம், ஏனென்றால் அப்போது பயமும் கூட வந்துவிடும்.

பக்கவாட்டில் தாவி ஏறுவது

இனி நிஜமான தடை. தட்டையான, ஆடாத, அகலமான ஏதாவது ஒன்று. சரக்கு அடுக்கும் மரப் பேலட் இதற்கு அருமையானது, யூரோ பேலட் என்றால் உயரம் 14.4 செ.மீ., மேலே ஏறி நின்று துள்ள இடமும் இருக்கும். உலகம் முழுக்க டிரையல்ஸ் பழகுகிறவர்கள் உயரத்தையே பேலட் கணக்கில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உயரமும் ஏறும். ஆனால் அது மூன்றாவது மாதத்துக் கதை, முதலில் தடித்த பலகை ஒன்றே போதும், நாலைந்து செ.மீ. உயரம். பேலட்டின் பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், டயர் அதில் நீளவாக்கில் மாட்டாதபடி பேலட்டைத் திருப்பிப் போடுங்கள்.

தடைக்கு இணையாக, அது உங்கள் சுலபமான பக்கத்தில் இருக்கும்படி நின்று துள்ளுங்கள். இரண்டு மூன்று சின்னத் துள்ளல், உடம்பு அடங்கட்டும். அடங்காமல் தாவவே கூடாது. சாய்ந்துகொண்டிருக்கும்போது ‘சரி, போய்விடலாம்’ என்று தாவுவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

அடங்கியதும் ஒரு துள்ளல் மட்டும் கொஞ்சம் உயரமாக. இதை முன்துள்ளல் என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து இறங்கும்போது முழங்காலை நன்றாக மடக்கி, உடம்பின் முழு எடையும் டயரில் இறங்கும்படி விடுங்கள். டயர் அமுங்கும். அது திருப்பித் தள்ளுகிற அந்த நொடியில் காலை நீட்டி எழும்புங்கள். முந்தினால் டயரின் உதவி கிடைக்காது, பிந்தினால் அது ஏற்கனவே தள்ளி முடித்திருக்கும். டிராம்போலினில் குதித்தவர்களுக்கு இந்த நேரம் உடனே பிடிபடும், மற்றவர்களுக்கு நூறு இருநூறு துள்ளலில் பிடிபடும்.

எழும்பும்போது சும்மா இருக்கும் கை கீழேயிருந்து மேலே வீசி வரட்டும், மார்பும் தலையும் மேலேயும் தடையின் பக்கமும் போகட்டும். சக்கரத்தை அனுப்பிவிட்டு உடம்பு பின்னால் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உடம்பு முதலில் மேடைக்கு மேலே போய்விட வேண்டும், சக்கரம் அதற்கு அடியில் வந்து சேரும்.

உச்சிக்குப் போகும்போது, மடக்குங்கள். முழங்கால் மார்பை நோக்கி வரும், கை சீட்டை மேலே இழுக்கும், இரண்டும் ஒரே நேரத்தில். என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு பேலட் உயரத்தில் வாரக்கணக்கில் தேங்கி நின்றேன். நண்பர் ஒருவர் பக்கவாட்டிலிருந்து போனில் மெதுவேகத்தில் படமெடுத்துக் காட்டினார். இடுப்பு நல்ல உயரம் எழுந்திருந்தது, கால்களோ கொம்பு மாதிரி நேராகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு உயரத்தையும் நான் வீணாக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உயரமாகக் குதிப்பதை மறந்துவிட்டு மடக்குவதை மட்டும் நினைத்துக்கொண்டு தாவினேன், அந்த மாலையிலேயே ஏறிவிட்டேன். நீங்களும் படமெடுத்துப் பாருங்கள். உள்ளே இருந்து பார்க்கும்போது நன்றாக மடக்கியதாகத்தான் தோன்றும்.

மடக்கிய காலைக் கொஞ்சம் நீட்டிச் சக்கரத்தை மேடைமேல் வையுங்கள், பட்டதும் மறுபடி முழங்கால் மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளட்டும். வைத்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். இறங்கிய உடனே இரண்டு சின்னத் துள்ளல் போட்டு உடம்புக்கு அடியில் சக்கரத்தைச் சரிசெய்யுங்கள். சுத்தமாக வந்து ஒரே இடத்தில் நிற்பது பின்னால் வரும்.

எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆனால் கணக்கு எளிது. டிரையல்ஸ் சக்கரத்தின் விட்டம் 50 செ.மீ. என்றால் அச்சு தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கிராங்க் கிடைமட்டமாக இருக்கும்போது பெடலும் அதே 25 செ.மீ. உயரத்தில்தான். டயரின் நடுக்கோட்டிலிருந்து பெடலின் வெளிவிளிம்பு வரை ஏறத்தாழ 20 செ.மீ. வரும், உங்கள் வண்டியில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

ஆகவே தடை 15 செ.மீ. என்றால் பெடல் அதற்கு மேலேயே இருக்கிறது, தடைக்கு நெருங்கி நின்று தாவலாம். ஒரு சாண் இடைவெளி போதும். தடை 30 செ.மீ. என்றால் கதை மாறுகிறது. நெருங்கி நின்றால் எழும்பும் வழியிலேயே பெடல் தடையின் விளிம்புக்கு அடியில் போய் மாட்டும், அப்போது உடம்பு மேலே போக வண்டி கீழே நின்றுவிடும். இது மோசமான விழுகை. அதனால் பெடல் உயரத்தைத் தாண்டிய தடைகளுக்கு டயர் குறைந்தது 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். டயர் அமுங்கும்போது பெடல் இன்னும் சில செ.மீ. இறங்கும் என்பதால் 20 செ.மீ.க்கு மேலான தடையிலிருந்தே தள்ளி நிற்கப் பழகுவது நல்லது. ரொம்பவும் தள்ளி நின்றால் உயரத்தோடு தூரத்தையும் தாண்ட வேண்டியிருக்கும், டயரின் பாதி மட்டும் விளிம்பில் பட்டு வழுக்கிக் கீழே வரும்.

தவறினால்

டயர் விளிம்பில் பாதி பட்டு வழுக்கும்போது உங்கள் எடை மேடைக்கு மேலே இருந்தால் கவலையே இல்லை, வண்டியைக் கைவிட்டு மேடைமேல் காலால் நின்றுகொள்ளலாம். எடை தரைப் பக்கமே தங்கியிருந்தால்தான் விழுகை மோசமாகும். பயந்து பாதி மனதோடு தாவுகிறவர்கள்தான் விழுகிறார்கள் என்பதற்கு இதுவே காரணம், எடை பின்தங்கிவிடுகிறது. சந்தேகமாக இருக்கிறதா, தாவ வேண்டாம், துள்ளிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் இறங்கி மூச்சு வாங்கிவிட்டு வாருங்கள். தாவ முடிவு செய்தால் முழு உடம்பையும் அனுப்புங்கள்.

அடிக்கடி வரும் இன்னொரு தவறு: இறங்கியதும் சக்கரம் உருண்டு ஓடுவது. முன்கால் அதிக எடையோடு இறங்குகிறது என்று அர்த்தம். இன்னொன்று, காற்றில் சீட் ஒரு பக்கம் திரும்பிக்கொள்வது. பெரும்பாலும் கிளாம்ப் தளர்ந்திருக்கும், இறுக்கிய பிறகும் திரும்பினால் கை சீட்டை நேராக மேலே இழுக்காமல் தன் பக்கமாக இழுக்கிறது, முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து இழுத்துப் பாருங்கள்.

கீழே இறங்குவது

ஏறியவர் இறங்க வேண்டுமே. பக்கவாட்டில் சின்னதாகத் துள்ளி விளிம்பைத் தாண்டி இறங்குங்கள். இதில் உயரமாகத் துள்ளத் தேவையில்லை. கிராங்க் கிடைமட்டமாக, முழங்கால் மடங்கியபடி, சீட்டில் உட்காராமல் இறங்க வேண்டும். உட்கார்ந்தபடி இறங்கினால் அதிர்வு முழுதும் முதுகெலும்புக்குப் போகும், முப்பது செ.மீ. உயரத்திலேயே அது வலிக்கும். சிலருக்கு ஏறுவதைவிட இறங்குவது முதலில் பிடிபடுகிறது. அப்படி இருந்தால் தாராளமாக மேடைமேல் நின்றே ஏறி, இறங்கப் பழகிவிட்டு, பிறகு ஏறுவதற்கு வாருங்கள்.

ஓட்டி வந்து தாவுவது

பக்கவாட்டுத் தாவல் ஒரு பேலட் உயரத்தில் பத்துக்கு ஏழு எட்டு முறை வந்த பிறகு இதைத் தொடுங்கள். ஓட்டி வரும் வேகம் முன்னோக்கிக் கொண்டுபோகிறது, ஆகவே நீளமான தாவலும் படிக்கட்டு ஏறுவதும் இதில் அழகாக வரும். ஒரு வசதியும் உண்டு: நேராக வரும்போது தடையை முதலில் தொடுவது டயர்தான். அச்சிலிருந்து டயரின் முன்விளிம்பு 25 செ.மீ., முன்பெடல் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது, அதனால் பெடல் மாட்டும் பயம் கிட்டத்தட்ட இல்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தாவும் நொடியில் உங்களுக்குப் பழகிய கால் முன்னால், கிராங்க் கிடைமட்டமாக இருக்க வேண்டும். இது சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும். 50 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.57 மீட்டர் போகும். ஆகவே இப்படிச் செய்யுங்கள். தடைக்கு முன்னால், டயரின் முன்விளிம்பு தடையிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி இருக்கும்படி, பழகிய கால் முன்னால் வரும்படி வண்டியைக் கையால் பிடித்து நிறுத்துங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு. இப்போது வண்டியைப் பின்னால் உருட்டுங்கள், இரண்டு முழுச் சுற்று. அங்கே இன்னொரு கோடு. அந்தக் கோட்டில் ஏறி நின்ற இடத்தில் துள்ளுங்கள், ஏற்கனவே பழகிய கால்தான் முன்னால் இருக்கும். அங்கிருந்து சரியாக இரண்டு சுற்று ஓட்டினால் தாவ வேண்டிய இடத்தில் தாவ வேண்டிய நிலையில் இருப்பீர்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் கண் தானாக அளக்கக் கற்றுக்கொள்ளும், பிறகு கோடு வேண்டாம்.

வேகம் நடைவேகம் போதும். தடைக்குச் செங்குத்தாக வாருங்கள், சாய்வாக வந்தால் டயர் விளிம்பில் பட்டுத் திரும்பிவிடும். மற்றதெல்லாம் முன்பு சொன்னதேதான்: அழுத்து, எழும்பு, மடக்கு, வை. ஒரே வித்தியாசம், முன்துள்ளல் இங்கே இல்லை, கடைசிக் கால்வாசிச் சுற்றில் உடம்பைத் தாழ்த்திக்கொள்வதுதான் அதன் இடத்தில் வருகிறது.

அதற்கும் மேலே

சீட்டைக் காலுக்கு நடுவிலேயே வைத்துத் தாவும்போது ஒரு உயரத்துக்கு மேல் போக முடியாது, சீட்டே மடக்கலைத் தடுத்துவிடும். உயரமாகத் தாவுகிறவர்கள் சீட்டை வெளியே எடுத்து, உடம்புக்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டு துள்ளுவார்கள். முழங்கால் மார்பைத் தொடுகிற அளவு மடங்குவது அப்போதுதான். ஆனால் வண்டியின் ஆட்டம் பல மடங்கு கூடும், இதற்கு நின்ற இடத்தில் துள்ளுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு பேலட் உயரம் சீட்டை உள்ளே வைத்தே வந்த பிறகு இந்தப் பக்கம் வாருங்கள் என்பது என் கருத்து.

இன்னொரு உத்தி, ஒரு தாவலில் எட்டாத உயரத்துக்கு முதலில் பெடலை விளிம்பில் மாட்டி நின்று, அங்கிருந்து இன்னொரு துள்ளலில் டயரை மேலே வைப்பது. உலோகப் பெடல் வேண்டும், உறுதியான விளிம்பு வேண்டும். முதல் சில மாதங்களுக்கு இதை விட்டுவிடுங்கள், மடக்கப் பழகாமலே ஏறிவிடும் குறுக்கு வழியாக இது மாறிவிடும்.

யூனிகான் என்ற உலகப் போட்டியில் டிரையல்ஸ் தனிப் பிரிவு. பேலட், மரத்துண்டு, கேபிள் சுற்றும் பெரிய உருளை, கம்பி என்று தடைகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள், தொடக்கத்திலிருந்து முடிவு வரை கால் எங்கும் ஊன்றாமல் கடந்தால் அந்த வரிசைக்கு ஒரு புள்ளி. தவறினால் நேரம் இருக்கும்வரை திரும்பத் திரும்ப முயலலாம். இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், பழகும்போதும் இதையே வைத்துக்கொள்ளலாம்: நாலைந்து தடைகளை வரிசையாக வைத்து, கால் ஊன்றாமல் ஒருமுறை முடிக்கும்வரை அதே வரிசை.

எத்தனை நாள், எவ்வளவு நேரம்

ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். அதற்கு மேல் முதல் மாதத்தில் வேண்டாம். துள்ளல் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சீட்டை இழுக்கும் தோளுக்கும் புது வேலை, தசை தயாராகிவிடும், மூட்டுக்கு இன்னும் நாள் பிடிக்கும். முழங்காலுக்குக் கீழே கூர்மையான வலி வந்தால் அந்த வாரம் துள்ளாதீர்கள், சும்மா ஓட்டுங்கள். ஒவ்வொரு நாளும் முதல் பத்து நிமிடம் நின்ற இடத்தில் துள்ளுவதற்கே, எவ்வளவு தேறிய பிறகும்.

உயரத்தை எப்போது கூட்டுவது? ஒரே உயரத்தில் பத்து முறை தாவி எட்டு முறை நின்றால், மறுநாள் ஒரு பலகை கூட்டுங்கள். மறுநாள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எட்டாவது முறை நின்ற சந்தோஷத்தில் அன்றே கூட்டும்போது கால் ஏற்கனவே தளர்ந்திருக்கும், அந்தத் தாவலில் மடக்கலே வராது, பெடல் விளிம்பில் மாட்டும். பலகையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, கிராங்க் போல்ட்டை ஒருமுறை இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.